ஓட்டை வழியே ஒரு ஊர்

டொலேடோவில் ஒரு கன்னியர் மடத்துக் கோயிலின் தரையில் சின்னதாக ஒரு கண்ணாடித் திறப்பு இருக்கிறது. குனிந்து, இரண்டு கைகளையும் கண்ணோரம் குவித்துப் பார்த்தால் கீழே நிலவறையில் ஒரு சவப்பெட்டி தெரியும். ஓவியர் எல் கிரேக்கோவுடையது என்கிறார்கள். 1614இல் அவர் இறந்ததும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். ஆனால் சில வருடங்களிலேயே குடும்பத்தார் உடலை வேறொரு கோயிலுக்கு மாற்றிவிட்டார்கள், அந்தக் கோயிலும் பின்னாளில் இல்லாமல் போய்விட்டது என்று மறுப்பவர்களும் உண்டு.

"யாரோட பெட்டியா இருந்தா என்னடி, எட்டிப்பாக்க ஓட்டை இருக்குல்ல!" என்றாள் அக்கா.

அத்தோடு எங்கள் திட்டத்தின் தலையெழுத்து முடிவாயிற்று. மாட்ரிடில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்போது தட்டு வைக்க இடமில்லை. ஊர் வரைபடம் விரிந்து கிடக்கிறது. ரயில் நேரங்கள் எழுதிய தாள்கள், மூன்று நிறத்தில் ஒட்டுச்சீட்டுகள், அத்தானிடமிருந்து பறித்த ஒரு பூதக்கண்ணாடி. 33 நிமிட ரயில் பயணத்துக்கு இவ்வளவா என்று கேட்டுவிட்டு அத்தான் சோபாவில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவருக்கு என்ன தெரியும்! காலையில் போய் ராத்திரி திரும்புவதற்குத்தான் ஐயா அதிகம் திட்டம் வேண்டும். ஒரு வாரம் தங்குகிறவனுக்கு மழை பெய்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நமக்கு நாளை கிடையாது.

டொலேடோ போட்டியின்றித் தேர்வானது என்று நினைத்துவிட வேண்டாம். மாட்ரிடைச் சுற்றி ரயிலுக்கு எட்டும் தூரத்தில் பழைய ஊர்கள் வரிசைகட்டி நிற்கின்றன. முதலில் முந்தியது செகோவியா. சமார்த்தின் நிலையத்தில் ஏறினால் குவாதராமா மலையை 28 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் துளைத்துக்கொண்டு அரை மணிக்குள் அந்தப் பக்கம். அதிவேக ரயில் நிற்கும் நிலையமோ ஊருக்கு வெளியே வெட்டவெளியில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்து பிடித்து நீர்ப்பாலத்தடிக்குப் போக வேண்டும். நிலையத்தின் பெயர் குயோமார். கவிஞர் அந்தோனியோ மச்சாதோ தன் காதலியை மறைத்து வைத்த புனைபெயர் அது. ஒரு கவிஞனின் ரகசியத்தை அறிவிப்புப் பலகையில் எழுதி ரயிலை நிறுத்துகிற நாடு! அக்கா கிட்டத்தட்ட விழுந்துவிட்டாள். ரோமானியர் சாந்தே இல்லாமல் கல்லின் மேல் கல் அடுக்கிய நீர்ப்பாலத்தின் படத்தைக் காட்டியதும்தான் நிமிர்ந்தாள். "இதுவும் ஓட்டைதான். ஆனா ஒரு யானையே போயிடும். இதுல எட்டிப்பாக்க என்ன இருக்கு?"

அடுத்து ஆல்கலா தே எனாரெஸ். செர்வாண்டிஸ் பிறந்த ஊர். கோபுரத்துக்குக் கோபுரம் நாரைக்கூடு. புறநகர் ரயிலிலேயே போய்விடலாம், முன்பதிவும் வேண்டாம். அதனாலேயே அடிபட்டுப்போனது. முன்பதிவு இல்லாத பயணத்தில் திட்டம் போட என்ன இருக்கிறது? அரான்ஹுவேஸுக்கு 1851இலேயே மாட்ரிடிலிருந்து இருப்புப்பாதை போட்டுவிட்டார்கள். அதன் நினைவாகப் பழைய மரப்பெட்டிகளோடு ஒரு 'ஸ்ட்ராபெர்ரி ரயில்' விடுகிறார்கள். அந்தக் கால உடையணிந்த பெண்கள் பெட்டி பெட்டியாக வந்து பழம் கொடுப்பார்கள். ஆனால் அது வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வார இறுதிகளில் மட்டுமே ஓடுகிற ரயில். எங்கள் தேதிக்கு ஒத்துவரவில்லை. அக்கா அன்று இரவு துக்கத்தில் ஒரு டப்பா ஸ்ட்ராபெர்ரி வாங்கித் தின்று தீர்த்தாள்.

ஆக டொலேடோ. மூன்று பக்கமும் தாஹோ நதி சுற்றி வளைத்த பாறைக்குன்று. விசிகோத் அரசர்களின் தலைநகர், பிறகு முஸ்லிம்களின் ஊர், 1085இல் ஆறாம் அல்போன்சோ கைப்பற்றிய ஊர். 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில். நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்பதால் மேசையில் எனக்குத் தலைமைப் பதவி. அக்கா நிதியமைச்சர்.

எந்தக் கிழமை என்பதில் முதல் சண்டை. திங்கள் கூடவே கூடாது. எல் கிரேக்கோ அருங்காட்சியகமும், செபாராத் யூத அருங்காட்சியகமாக இருக்கும் த்ரான்சித்தோ தொழுகைக்கூடமும் திங்களன்று மூடிக்கிடக்கும். அந்த இரண்டுக்கும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்குப் பிறகும் ஞாயிறும் கட்டணமில்லை என்று கண்டுபிடித்ததும் நிதியமைச்சரின் முகத்தில் விளக்கு எரிந்தது. ஆனால் ஞாயிறு காலையில் பேராலயத்தில் வழிபாடு. பார்வையாளர்களுக்கு மதியத்துக்கு மேல்தான் அனுமதி. பேராலயத்துக்கோ காலை வெளிச்சம்தான் வேண்டும். ஏன் என்பது பின்னால் வருகிறது. இலவசத்துக்கும் வெளிச்சத்துக்கும் நடந்த போரில் சமரசமாகச் சனிக்கிழமை வென்றது: காலையில் பேராலயம், மதியம் இரண்டு அடித்த பிறகு இலவச அருங்காட்சியகங்கள். இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க இரண்டு பேரும் எத்தனை காபி குடித்தோம் என்று கேட்காதீர்கள்.

கோர்புஸ் கிறிஸ்தி வியாழனன்று போகலாமா என்று ஒரு சபலமும் வந்தது. அன்று தெருக்களுக்கு மேலே துணிப்பந்தல் இழுத்துக் கட்டி, கீழே வாசனைத் தழை தூவி, என்ரிக்கே தே ஆர்ஃபே 1515 முதல் எட்டு வருடம் உழைத்துச் செய்த பொன்வெள்ளிப் பேழையை ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். அதன் நடுவில் இருக்கும் தங்கம் அமெரிக்காவிலிருந்து வந்த முதல் தங்கம் என்று ஒரு பேச்சும் உண்டு. ஆனால் அன்றைக்குத் தெருவில் காலடி வைக்கவே இடமிருக்காது. குனிந்து எந்த ஓட்டையிலும் எட்டிப்பார்க்க முடியாது. பேழையைப் பேராலயத்தின் கருவூல அறையில் எந்த நாளிலும் நிதானமாகப் பார்க்கலாம். தள்ளுபடி.

இனி ரயில். டொலேடோவுக்கு ஓடுவது அவாந்த் என்ற வகை. அதிவேகப் பாதையில் ஓடும் குறுந்தூர வண்டி. வழியில் எங்கும் நிற்காது. நான்கே பெட்டி, சுமார் 240 இருக்கை. மாட்ரிட்-செவில் அதிவேகப் பாதையிலிருந்து லா சாக்ரா என்ற இடத்தில் பிரிந்து போகும் இந்தக் கிளை 2005 நவம்பரில் திறந்தது. அதற்கு முன் இருந்த பழைய பாதையில் 1858இல் இரண்டாம் இசபெல் ராணியே வந்து இறங்கியிருக்கிறார். அவாந்தில் ஒரு நிம்மதி: விமானக் கட்டணம்போல நேரத்துக்கு நேரம் விலை ஏறாது. மூன்று மாதம் முன்னால் எடுத்தாலும் முந்தின நாள் எடுத்தாலும் ஒரே விலைதான்; போக வரச் சேர்த்து எடுத்தால் சலுகை. அப்படியானால் அவசரமே இல்லையே என்று அத்தான் சோபாவிலிருந்து குரல் கொடுத்தார். இருக்கிறது அத்தான்! விலை ஏறாது, இடம் தீர்ந்துபோகும். இருக்கை எண் இல்லாமல் ஏற முடியாது. சனிக்கிழமை காலை ஒன்பது, பத்து மணி வண்டிகள்தான் ஊரே குறிவைக்கும் வண்டிகள். நின்றுகொண்டாவது வருகிறேன் என்பதெல்லாம் அங்கே நடக்காது.

ஏறும் இடம் அட்டோச்சா. முழுப்பெயர் புவெர்த்தா தே அட்டோச்சா அல்முதேனா கிரான்தெஸ். 2021இல் மறைந்த நாவலாசிரியையின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ரயில் போய்விடும் என்பது அத்தானின் கருத்து. இங்கே புறநகர் ரயில்களுக்கு ஒரு பக்கம், அதிவேக ரயில்களுக்கு வேறு பக்கம். மாறி நுழைந்தால் நடந்து நடந்து கால் கழன்றுவிடும். பைகளை எல்லாம் ஸ்கேனரில் விட வேண்டும். வண்டி கிளம்ப 2 நிமிடம் இருக்கும்போதே வாயிலை மூடிவிடுவார்கள். ஆகவே அரை மணி முன்னால் போய்விடுவது என்று எழுதினோம். அக்கா அதை அடித்து ஒரு மணி என்றாள். காரணம் தோட்டம்.

1892இல் இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டிய பழைய ரயில் கொட்டகையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, கட்டடக்கலைஞர் ரஃபாயேல் மொனேயோ அதிவேக வண்டிகளுக்குப் பக்கத்தில் புதிய நிலையம் கட்டினார். 1992இல் பழைய கூரைக்குக் கீழே தண்டவாளங்கள் இருந்த இடத்தில் ஒரு வெப்பமண்டலத் தோட்டம் முளைத்தது. பனை வகைகள், பெரணி, ஈரக்காற்று. அதில் ஒரு குளம். மாட்ரிட் மக்கள் வீட்டில் வளர்க்க முடியாத ஆமைகளைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து அந்தக் குளத்தில் விட்டுவிட்டு ரயிலேறினார்கள். ஆமைகள் நூற்றுக்கணக்கில் பெருகிவிட, 2018இல் அவற்றை ஊருக்கு வெளியே ஒரு விலங்குக் காப்பகத்துக்கு மாற்றினார்கள். ஆமைகளுக்கும் ஒரு வழிப் பயணம் கிடைத்துவிட்டது. அக்கா இன்னும் ஒரு ஆமையாவது ஒளிந்திருக்கும் என்று நம்புகிறாள். அதற்குத்தான் அந்த ஒரு மணி நேரம்.

டொலேடோ நிலையத்தில் இறங்கியதும் எல்லோரும் செய்யும் தப்பு, வாசலைப் பார்த்து ஓடுவது. பேருந்துக்கு வரிசை என்று பயம். நாங்கள் ஓடுவதில்லை என்று சிவப்பு ஒட்டுச்சீட்டில் எழுதி வைத்திருக்கிறோம். நார்சிசோ கிளவேரியா வடிவமைத்து 1919இல் திறந்த இந்த நிலையத்துக்கு உள்ளே வந்தால் இது ரயில் நிலையமா, ஏதோ சுல்தானின் மாளிகையா என்று தோன்றும். செங்கல்லில் பின்னிய வளைவுகள், வண்ணக் கண்ணாடி, ஓடு பதித்த சுவர், செதுக்கிய மரக்கூரை, பக்கத்தில் ஒரு மணிக்கூண்டு. பழைய பயணச்சீட்டுச் சாளரம் ஒன்றுக்காகவே ஒரு தச்சர் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று தெரியவில்லை. சாளரம் என்றால் அதுவும் ஓர் ஓட்டைதானே? எங்கள் ஓட்டைப் பட்டியலில் முதல் எண் அதற்கு.

வெளியே வந்தால் ஊர் மேலே இருக்கிறது. மேலே என்றால் நிஜமாகவே மேலே. பேருந்து சோகோதோவெர் சதுக்கம் வரை போகும். நடந்தால் அல்கான்தரா பாலத்தில் தாஹோவைக் கடந்து ஏற வேண்டும். ரோமானியர் காலத்து அடித்தளம், அரபுக் காலத்துத் திருத்தம், வாசலில் கோபுரம். முதல் தடவை வருகிறவர்கள் கட்டாயம் நடந்துதான் நுழைய வேண்டும் என்பது என் கட்சி. அக்காவின் முழங்கால் எதிர்க்கட்சி. உடன்பாடு: பாலம் வரை நடை, அதன் பிறகு முழங்கால் என்ன சொல்கிறதோ அது.

ஊரின் இன்னொரு பக்கத்தில் மலைக்குள்ளேயே எஸ்கலேட்டர் இருக்கிறது என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. 2000ஆம் ஆண்டு மார்த்தினெஸ் லப்பேன்யாவும் எலியாஸ் தோரெஸும் வடிவமைத்தது. பழைய மதில் தெரியும் சரிவில் கட்டடம் எழுப்பினால் ஊரின் முகம் கெட்டுவிடும் என்று, சரிவை வளைந்து வளைந்து வெட்டி, அந்த வெட்டுக்குள் படிகளை ஒளித்து வைத்துவிட்டார்கள். சுமார் 36 மீட்டர் உயரம். கீழிருந்து பார்த்தால் குன்றில் ஒரு கோணல் கீறல் மட்டும்தான் தெரியும். மதில் சூழ்ந்த ஊரில் எஸ்கலேட்டரா என்று முகம் சுளிப்பவர்கள் ஜூலை மாத வெயிலில் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும்.

இப்போது பேராலயம். 1226 வாக்கில் அடிக்கல், 1493இல் முடிவு. உள்ளே பார்க்க எவ்வளவோ இருக்கிறது. எங்கள் திட்டத்தில் அம்புக்குறி போட்டிருப்பது பிரதான பீடத்துக்குப் பின்னால். அங்கே நற்கருணைப் பேழை இருட்டில் இருக்கிறதே என்று பேராயருக்குக் குறை. நார்சிசோ தோமே என்ற சிற்பி என்ன செய்தார் தெரியுமா? எதிரே இருந்த கோதிக் கூரையில் ஒரு பெரிய துண்டை வெட்டி எடுத்துவிட்டார்! ஐந்நூறு வருடப் பழைமையான கூரை. அந்த ஓட்டைக்கு மேல் சாளரம் வைத்து, விளிம்பெல்லாம் தேவதூதர்களை உட்காரவைத்து, அதன் வழியே இறங்கும் சூரியன் நேராகப் பளிங்கு, வெண்கலச் சிற்பங்கள் குவிந்த பீடத்தில் விழும்படி செய்தார். 1732இல் முடிந்தது. பெயர் த்ரான்ஸ்பரென்தே. திறப்பு கிழக்கு பார்த்தது, ஆகவே காலை. சனிக்கிழமைக்காக நான் ஏன் அவ்வளவு சண்டை போட்டேன் என்பது இப்போது விளங்கியிருக்கும். கூட்டத்தில் பாதிப்பேர் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரும்பி நின்று, கழுத்தை ஒடித்து, ஓட்டையைப் பாருங்கள். அதுதான் வித்தை நடக்கும் இடம்.

கழுத்தை நிமிர்த்தியதோடு இன்னொன்றும். மேலே அங்கங்கே பழைய சிவப்புத் தொப்பிகள் தொங்கும். இறந்த கர்தினால்களுடையவை, அவரவர் கல்லறைக்கு நேர் மேலே கட்டிவிட்டு, தானாக இற்று விழும்வரை அப்படியே விட்டுவிடுவார்கள். "அப்போ கீழ நின்னா தலையில விழுமா?" என்றாள் அக்கா, ஆசையோடு.

சாந்தோ தோமே கோயிலில் இருக்கும் 'ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்' ஓவியத்துக்கு நாங்கள் முக்கால் மணி ஒதுக்கியிருக்கிறோம். ஒரே படத்துக்கு முக்கால் மணியா? மேடைக்குப் பின்னால் நடந்த கதை தெரிந்தால் நீங்களும் ஒதுக்குவீர்கள். இந்தப் படம் பிறந்தது பக்தியில் பாதி, வழக்கு மன்றத்தில் பாதி. 1323இல் இறந்த ஓர்காஸ் பிரபு ஒரு உயில் எழுதி வைத்தார்: ஓர்காஸ் ஊர் மக்கள் வருடா வருடம் இந்தக் கோயிலுக்கு இரண்டு ஆட்டுக்கடா, பதினாறு கோழி, இரண்டு தோல்பை ஒயின், இரண்டு சுமை விறகு, 800 மராவெதி காசு கொடுக்க வேண்டும். இருநூற்றுச் சொச்சம் வருடம் கழித்து ஊர் மக்கள் கை விரித்துவிட்டார்கள். பாதிரியார் அந்திரெஸ் நூன்யெஸ் விடுவாரா? வழக்குப் போட்டு 1569இல் வென்றார். கோழிக்காகக் கிடைத்த வெற்றியைக் கொண்டாடும் விதமாக, பிரபுவின் கல்லறைக்கு மேலே ஒரு படம் வேண்டும் என்று 1586இல் எல் கிரேக்கோவிடம் சொன்னார்.

படம் முடிந்ததும் அடுத்த தகராறு. மதிப்பீட்டாளர்கள் 1,200 துகாத் என்றார்கள். பாதிரியார் அதிகம் என்று மறுமதிப்பீடு கேட்டார். வந்தவர்கள் 1,600 என்றார்கள்! கடைசியில் 1,200க்கே முடிந்தது. பேரம் பேசப் போய் விலை ஏறிய கதை என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நிதியமைச்சர் மறக்கக் கூடாத பாடம். படத்தில் கீழே இடப்பக்கம் ஒரு சிறுவன் நின்று நம்மைப் பார்த்தபடி விரல் நீட்டுவான். ஓவியரின் மகன் ஹோர்ஹே மனுவேல். அவன் பையிலிருந்து எட்டிப்பார்க்கும் கைக்குட்டையில் ஓவியரின் கையெழுத்தும் 1578 என்ற வருடமும் இருக்கும். அவன் பிறந்த வருடம். பூதக்கண்ணாடி அதற்காகத்தான். ஆனால் படம் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் உயரம், முன்னால் தடுப்பும் உண்டு. பூதக்கண்ணாடி உதவாது என்று நான் சொல்லிவிட்டேன். பையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறாள்.

கோயில், பழைய யூதக் கூடம், மசூதி என்று ஏழு இடங்களுக்குச் சேர்த்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை விற்கிறார்கள். சாந்தோ தோமே, சாந்தா மரியா லா பிளாங்கா, சான் ஹுவான் தே லோஸ் ரெயெஸ், கிறிஸ்தோ தே லா லூஸ் எல்லாம் அதில் அடக்கம். பேராலயத்துக்குத் தனிச்சீட்டு. மூன்று நான்கு இடங்களாவது பார்ப்பீர்கள் என்றால் பட்டை லாபம் என்று நிதியமைச்சகம் அறிவிக்கிறது.

சாப்பாடு. ஒரு மணிக்குப் போய் உட்கார்ந்தால் கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றரை, இரண்டுக்குத்தான் அடுப்பு சூடாகும். உள்ளூர்ப் பெருமை கார்காமூசாஸ்: பன்றி இறைச்சியைத் தக்காளியோடும் பட்டாணியோடும் வேகவைத்தது. அதோடு கௌதாரிக் குழம்பு. சைவக்காரர்களுக்கு பிஸ்தோ மன்செகோ: கத்திரி, குடைமிளகாய், தக்காளி, சுரைக்காய் வகையொன்றைச் சுருள வதக்கியது. மேலே முட்டை உடைத்து ஊற்றிவிடுவார்கள், முன்னாலேயே சொல்லி நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் கடைகளும் சில கோயில்களும் மூடிக்கொள்வதால், நிதானமாகச் சாப்பிடுவது சோம்பேறித்தனம் ஆகாது. திட்டத்தின் ஒரு பகுதி.

சாப்பிட்ட பிறகு இனிப்பு, இனிப்பென்றால் மசாபான். பாதாமும் சர்க்கரையும் சேர்த்து அரைத்துப் பிடித்துச் சுட்ட பண்டம். டொலேடோ பெயரைப் போட்டு விற்க வேண்டுமானால் பாதியாவது பாதாம் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 1212இல் நடந்த போருக்குப் பிறகு ஊரில் கோதுமை தீர்ந்துபோக, சான் கிளெமென்தே மடத்துக் கன்னியர் இருப்பிலிருந்த பாதாமையும் சர்க்கரையையும் இடித்து ஊருக்குக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை. சாட்சி கேட்காதீர்கள், இனிப்பாக இருக்கிறது. கடையில் வாங்குவது எளிது. ஆனால் பட்டியலில் நட்சத்திரம் போட்டிருப்பது மடத்துச் சுழல்பெட்டிக்கு. வெளியுலகத்துக்கு முகம் காட்டாத கன்னியர், சுவரில் பதித்த மரச்சுழலி வழியே விற்பார்கள். மணியடித்தால் உள்ளிருந்து குரல் வரும், மாதாவின் பெயரால் ஒரு வணக்கம். நாம் கேட்டதைச் சொல்லிச் சுழலியில் காசு வைத்தால், அது ஒரு சுற்றுச் சுற்றும். திரும்பி வரும்போது காசு இருந்த இடத்தில் இனிப்புப்பெட்டி! ஓட்டைதான், ஆனால் எட்டிப்பார்த்தால் மரத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. அக்கா மூன்று நாளாக அந்த வணக்கத்துக்குப் பதில் சொல்லிப் பழகுகிறாள். அத்தான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் கன்னியாக நடிக்கிறார்.

மதிய இலவசம் த்ரான்சித்தோவில். பெத்ரோ மன்னரின் பொருளாளர் சாமுவேல் ஹா லேவி 1350களில் கட்டிய யூதத் தொழுகைக்கூடம். சுவர் முழுக்கச் சுண்ணாம்புச் சிற்ப வேலைப்பாடும் எபிரேய எழுத்தும். கட்டியவரை அதே மன்னர் சில வருடங்களில் சிறையில் போட்டுச் சித்திரவதை செய்து கொன்றார். 1492இல் யூதர்கள் மொத்தமாக நாட்டை விட்டே துரத்தப்பட்டார்கள். அங்கே எங்கள் கும்மாளம் கொஞ்சம் அடங்கும், அடங்கட்டும். பெண்கள் அமர்ந்த மேல்மாடத்துக்கும் ஏறிப் பாருங்கள், அங்கிருந்துதான் கூடத்தின் முழு நீளம் தெரியும். பக்கத்திலேயே சாந்தா மரியா லா பிளாங்கா: வெள்ளைத் தூண்கள், குதிரை லாட வளைவுகள். முஸ்லிம் கைவேலைப்பாட்டில், கிறிஸ்தவ அரசில், யூதர்களுக்காக எழுந்தது.

டொலேடோவின் பேர்போன மொழிபெயர்ப்பாளர் பள்ளியைத் தேடி வரைபடத்தில் ஒரு மணி நேரம் வீணாக்கினோம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்து இங்கே உட்கார்ந்துதான் தாலமியின் வானியல் நூலை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டுபோனார். ஆனால் இதுதான் அந்தப் பள்ளி என்று காட்ட ஒரு கட்டடம் கிடையாது. அது ஆட்களின் கூட்டம். அதே அலையில்தான் நம் பஞ்சதந்திரம் அரபி வழியாக 1251இல் காஸ்தீலியன் மொழிக்குப் போயிற்று. அதற்கும் முன்னால், 1068இல், டொலேடோவில் காஜியாக இருந்த சாயித் அல்-அந்தலூசி அறிவில் சிறந்த நாடுகளை வரிசைப்படுத்தி எழுதியபோது இந்தியாவுக்குத்தான் முதலிடம் கொடுத்தார். போகாத ஊருக்கு இவ்வளவு நல்ல மதிப்பெண் போட்டவரின் ஊர் இது. டான் குயிக்சோட்டின் மீதிக்கதை அரபிக் கையெழுத்துப் படியாக டொலேடோ அல்கானா சந்தையில்தான் கிடைத்தது என்று செர்வாண்டிஸ் விளையாட்டாக எழுதினார். மொழிபெயர்த்தவனுக்குக் கூலி உலர்திராட்சையும் கோதுமையும். சோகோதோவெருக்குப் பக்கத்து வளைவுக்குக் கீழே அவர் சிலையாக நிற்கிறார். ஒரு படம், ஐந்து நிமிடம், நகர்ந்துவிட வேண்டும்.

கிறிஸ்தோ தே லா லூஸ் மசூதி மாலைக்கு. 999இல் கட்டியதாக முகப்புச் செங்கல்லிலேயே எழுதியிருக்கிறது. எட்டு மீட்டர் சதுரம்தான். அதற்குள் ஒன்பது சிறு விதானங்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. வாசலுக்கு முன்னால் தெருவில் ஒரு வெள்ளைக் கல்லைத் தேடுங்கள். ஊருக்குள் நுழைந்த அல்போன்சோவின் குதிரை அங்கே மண்டியிட்டதாம். சுவரை உடைத்துப் பார்த்தால் நூற்றாண்டுகளாக அணையாத ஒரு விளக்கும் கிறிஸ்துவின் உருவமும் இருந்ததாம். பாருங்கள், இந்த ஊரில் புராணம்கூட சுவரில் ஓட்டை போடாமல் நடப்பதில்லை.

சாயங்கால வெயிலுக்கு ஆற்றின் அக்கரையில் வாயே காட்சிமேடை. டாக்சியில் போய்விடலாம். ஊர் முழுக்க எதிரே விரியும். இடப்பக்கம் பேராலயம், வலப்பக்கம் அல்காசர் கோட்டை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் எல் கிரேக்கோவின் டொலேடோ காட்சி வேறு திசையிலிருந்து, வடக்கிலிருந்து வரைந்தது. அதிலும் பேராலயக் கோபுரம் உண்மையான இடத்தில் இல்லை. படத்துக்கு அழகாக இருக்கும் என்று தூக்கி நகர்த்தி வைத்துவிட்டார். இதைச் சொன்னதும் அக்கா தன் ஒட்டுச்சீட்டை எடுத்து மசூதியைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒட்டினாள். ஓவியருக்குப் பேராலயத்தையே நகர்த்த உரிமை இருக்கும்போது தனக்கு ஒரு மசூதியை நகர்த்த உரிமை இல்லையா என்று வாதம். திரும்ப நகர்த்தினேன். அவள் மறுபடி நகர்த்தினாள். பசை போய்விட்டது.

கண்ணாடித் திறப்பு இருக்கும் சாந்தோ தோமிங்கோ எல் அந்தீக்வோ மடம் எப்போது என்று கேட்கிறீர்களா? மடத்துக்காரர்கள் திறக்கும்போது. நேரம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அதற்கு மட்டும் சீட்டு ஒட்டவில்லை; எந்தப் பக்கம் போனாலும் அந்த வழியாகப் போய்க் கதவைத் தள்ளிப் பார்ப்பதாக ஒப்பந்தம்.

இப்போது இணையத்தில் சீட்டு எடுக்க உட்கார்ந்திருக்கிறோம். பயணிகளின் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் கேட்கும். எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள், நடுவில் எழுந்து தேடினால் நேரம் முடிந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். போகும் வண்டி ஒன்பது மணி வாக்கில். திரும்பும் வண்டியில்தான் இழுபறி. ராத்திரி விளக்கொளியில் பாலத்தைப் பார்க்க வேண்டும், கடைசி வண்டி என்கிறேன் நான். கடைசி வண்டியைத் தவறவிட்டால் என்ன கதி, அதற்கு முந்தையது என்கிறாள் அக்கா. அத்தான் சோபாவிலிருந்து எழுந்து வந்து, சத்தமில்லாமல் பயணிகள் எண்ணிக்கையை இரண்டிலிருந்து மூன்றாக மாற்றிவிட்டு, ஜன்னலோர இருக்கை தனக்கு என்கிறார்.